பிளாஸ்டிக் ஃபில்டர் எந்த வண்டிக்கு?

கேள்வி: மடத்துக்குளம் பகுதியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், தன் வீட்டு வண்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அமராவதிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், வரப்போரம் தென்னை, நான்கு கறவை மாடுகள். விடிகாலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார். திரும்பி வந்ததும் அதே வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு, பழநி சாலையில் நூல் மில் வேன் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விடுகிறார். வண்டி 2021-ல் வாங்கிய நூறு சிசி பைக். ஒரு மாதமாகப் பாரம் ஏற்றினால் திணறுகிறது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இழுவை வருவதில்லை. கேனை இறக்கிவிட்டு நிறுத்தி ஓடவிட்டால் ஒரு குறையும் இல்லை. இதனால் இரண்டு நாள் வேன் போய்விட்டது, மகளுக்குச் சம்பளப் பிடித்தம்.

பட்டறைத் தம்பி பார்த்துவிட்டு, “ஃபில்டர் அடைச்சிருக்குங்ணா. டேங்குக்குள்ள மோட்டாரோட சேர்ந்தே வருதுங்க, செட்டாத்தான் மாத்தோணும்” என்று சில ஆயிரம் ரூபாய் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகை கட்டுப்படியாகாமல், ஸ்பேர் கடையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றும் இரண்டு கிளாம்பும் வாங்கி வைத்திருக்கிறார். “அப்பாவோட பழைய வண்டிக்கு ஹோஸை அறுத்து நடுவுல சொருகினோம், வருஷக்கணக்கா ஓடுது. இதுக்கும் அப்படியே வீட்டுல மாட்டிக்கலாமுங்களா?” என்பது அவர் கேள்வி.

பதில்: மாட்ட வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் யோசனையே வேண்டாம். வாங்கிய ஃபில்டர் வீணாகாது, அதற்கும் அந்த வீட்டிலேயே வேலை இருக்கிறது.

பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள வித்தியாசம், மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டார் டெலிவரிக்கும் உள்ள வித்தியாசம்தான். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேங்க் மேலே இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது. பெட்ரோல் தன் பாரத்தில் தானே சொட்டி இறங்குகிறது. அந்த ஹோஸை வாயால் ஊதினாலே எதிர்த்து நிற்கிற அளவுக்குத்தான் அழுத்தம். அங்கே பிளாஸ்டிக் ஃபில்டர் தாராளமாகத் தாங்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 புகை விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை எஃப்.ஐ. எனப்படும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். தோட்டத்துக்காரர்கள் மூட்டை ஏற்றும் எக்ஸ்.எல். வண்டிகூட மாறிவிட்டது. இதில் பெட்ரோல் சொட்டி இறங்குவதில்லை. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் சின்ன மின்மோட்டார் அதைத் தள்ளுகிறது. கிணற்றுக்குள் நீர்மூழ்கி மோட்டார் இருப்பது மாதிரியேதான். தள்ளும் அழுத்தம், பொதுவாக 3 பார். இதைத் தண்ணீர்க் கணக்கில் சொன்னால் சுமார் 100 அடி ஹெட். வண்டியின் பின் டயரில் பிடிக்கும் காற்றைவிட இது அதிகம்.

சொட்டித் தண்ணீர் போகிற குழாயில் போடும் பொருளை 100 அடி ஹெட் டெலிவரியில் மாட்டினால் என்ன ஆகும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் என்றால் சட்டை நனையும், அவ்வளவுதான். இங்கே பீய்ச்சி அடிப்பது பெட்ரோல். அது விழும் இடம் சூடேறிய சிலிண்டரும் சைலன்சர் குழாயும். அந்த நேரத்தில் வண்டியில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருப்பார்கள். கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும், சாதா ரப்பர் ஹோஸும் மெல்லிய பிளாஸ்டிக் கூடும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பல வண்டிகளில் அந்தக் குழாயே ரப்பர் கிடையாது. கெட்டியான நைலான் குழாய், இரண்டு முனையிலும் ‘டக்’ என்று பூட்டும் கனெக்டர். அதை அறுத்துவிட்டால் பிறகு குழாயையே மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டர்தான் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

பட்டறைத் தம்பி சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்றில்லை. பாரத்தில் திணறி, நிறுத்தி ஓடவிட்டால் சீராக இருப்பது ஃபில்டர் அடைப்பின் அடையாளம்தான். நின்று ஓடும்போது கொஞ்சம் பெட்ரோல் போதும், அடைத்த ஃபில்டரிலும் அது வந்துவிடும். மேட்டில் முறுக்கும்போது நிறையக் கேட்கும், அப்போது கிடைக்காது. ஆனால் இதே அடையாளத்தைக் காட்டும் வேறு காரணங்கள் நான்கைந்து உண்டு. அவற்றில் சிலவற்றைப் பார்க்கக் காசே தேவையில்லை. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். மூடியில் அல்லது அதையொட்டிய குழாயில் அதற்கு வழி இருக்கிறது. சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது குறையும். வண்டி திணறும்போது ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து மூடலாம். திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன் பிறகு சிறிது தூரம் வண்டி நன்றாக ஓடினால் குற்றவாளி மூடிதான். அப்போது ஃபில்டரைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது காதால் கேட்கிற சோதனை. விடியற்காலை அமைதியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், டேங்குக்குள் இரண்டு மூன்று விநாடி ‘ங்ங்ம்’ என்று மோட்டார் ஓடி நிற்கும். அது ஒரே சீராகக் கேட்டால் நல்லது. இழுத்து இழுத்து ஓடினால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். கிக்கரில் உதைத்தே பழகியவர்களுக்குப் பேட்டரி இறங்கியதே தெரிவதில்லை, செல்ஃப் போட்டுப் பார்க்காததால். எஃப்.ஐ. வண்டியில் பேட்டரி வெறும் ஹாரனுக்கும் விளக்குக்கும் மட்டும் அல்ல, பெட்ரோல் வருவதே அதை நம்பித்தான். பேட்டரி கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தால், வண்டி நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருப்பது சரியான அளவு.

மூன்றாவது ஏர் ஃபில்டர். பெட்ரோல் ஃபில்டரைப் பற்றிக் கேட்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில், மெஷினுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி வைத்தால், அந்தத் தூசி முழுக்க எங்கே போகும்? மடத்துக்குளம், உடுமலை, குடிமங்கலம் பக்கம் மக்காச்சோளம் அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏர் ஃபில்டர் எண்ணெய் தோய்த்த காகித வகை என்றால் காற்றடித்தோ கழுவியோ போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். இதோடு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடலாம்.

மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் அணையாமல் இருந்தால், வண்டியே தன் கோளாறைச் சொல்லுகிறது என்று பொருள். பட்டறையில் கருவியை மாட்டினால் குறியீட்டு எண் வரும்.

இன்னொன்று. வரப்பில் வண்டி சாய்ந்து விழுந்து, எடுத்து நிறுத்திய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். விழுந்தால் எஞ்சினை நிறுத்த ஒரு சென்சார் இருக்கிறது. சாவியை அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டேங்குக்குள் என்ன இருக்கிறது?

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பெட்ரோல் பக்கம் வர வேண்டும். அங்கேயும் ஃபில்டருக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது தண்ணீர்.

இப்போது பங்கில் வருவது ஈ-20 பெட்ரோல், அதாவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். 2022-ல் 10 சதவிகிதத்தைத் தொட்டு, 2023 பிப்ரவரியில் ஈ-20 அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. முதலில் 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கு இது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எத்தனால் வடிக்கிறார்கள். கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையை வைத்துக்கொண்டு, சுற்றிலும் சோளம் போடுகிற வட்டாரத்துக்காரருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயலில் விளைகிற பொருள்தான் வண்டியிலும் கொஞ்சம் ஓடுகிறது.

எத்தனாலுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு அதிகம். பழைய பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். ஈ-20 பெட்ரோல் சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடிக்குப் போய்விடும். மோட்டார் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அப்போது வண்டிக்குக் கிடைப்பது பெட்ரோல் அல்ல, எத்தனால் தண்ணீர். இரும்பு டேங்கில் அது துருவையும் கிளப்பும். அந்தத் துரு ஃபில்டரை அடைக்கும்.

தண்ணீர் எப்படிப் போகிறது? பெரும்பாலும் நாமே விடுவதுதான். வண்டியைத் தோட்டத்துக்கு ஓட்டிப்போய், பம்புசெட்டுக் குழாயை நேராகப் பிடித்துக் கழுவுவது பல ஊரிலும் வழக்கம். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் நீர் வடிய ஒரு சின்னத் துளையும் குழாயும் உண்டு. அதில் மண் அடைத்துவிட்டால் நீர் அங்கேயே நிற்கும், மூடியைத் திறந்ததும் உள்ளே இறங்கும். ஒரு குண்டூசிக் கம்பியால் அந்தத் துளையை எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

களை வெட்டும் மெஷினுக்கு வாங்கி வைத்த பெட்ரோலை வண்டிக்கு ஊற்றுவது இன்னொரு பழக்கம். அது டூ-ஸ்ட்ரோக் மெஷின் என்றால் அந்தப் பெட்ரோலில் ஆயில் கலந்திருக்கும். பி.எஸ்-6 வண்டியின் சைலன்சரில் இருக்கும் புகை வடிக்கும் பாகத்துக்கு அது ஆகாது. மாதக்கணக்கில் தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த பெட்ரோலும் வேண்டாம்.

வாசகர் செய்ய வேண்டியது, டேங்கின் அடிப் பெட்ரோலைக் கொஞ்சம் எடுத்து நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் நிறுத்தி வைப்பது. பால் மாதிரிக் கலங்கலாக இருந்தாலோ, நடுவில் கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ தண்ணீர் இருக்கிறது. அடியில் செம்மண் நிறத் தூள் தங்கினால் துரு. இரண்டில் எது இருந்தாலும் டேங்கை முழுவதும் வடித்துச் சுத்தம் செய்யாமல் புது ஃபில்டர் போடுவது, சேற்றுக் குட்டையில் புது ஃபுட்வால்வ் இறக்குவது மாதிரிதான்.

ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்றால்

இத்தனையும் பார்த்த பிறகும் திணறல் நிற்கவில்லை என்றால் பட்டறையில் ஒன்று கேட்கலாம்: “பிரஷர் கேஜ் போட்டுப் பாத்தீங்களா தம்பி?” டேங்கிலிருந்து வரும் குழாயில் கேஜை மாட்டிப் பார்த்தால் அழுத்தம் சரியாக இருக்கிறதா, முறுக்கும்போது இறங்குகிறதா என்பது நேராகத் தெரிந்துவிடும். சொட்டுநீர் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்துப் பார்க்கிற அதே கணக்கு. அளந்து பார்க்காமல் ‘செட்டா மாத்தோணும்’ என்பதற்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை. சில மாடல்களில் மோட்டாரோடு சேர்ந்துதான் ஃபில்டர் வரும் என்பது உண்மை. வேறு சிலவற்றில் மோட்டாருக்கு அடியில் உள்ள வலை மட்டும் தனியாகக் கிடைக்கும். வண்டியின் சேஸிஸ் எண்ணை ஸ்பேர் கடையில் கொடுத்து, ‘இந்த வண்டிக்கு ஃபில்டர் தனியாக வருகிறதா’ என்று கேட்டால் தெரிந்துவிடும். சில வண்டிகளில் டேங்குக்கு வெளியே உலோகக் கூட்டில் ஃபில்டர் இருக்கும், அதற்கு உரிய பாகமும் தனியே உண்டு.

சொட்டுநீர் ஃபில்டரைப் போல இதைக் கழுவிப் போட முடியாதா என்று கேட்கலாம். சொட்டுநீர் வலை 120 மெஷ், அதன் கண் சுமார் 130 மைக்ரான். எஃப்.ஐ. வண்டியின் ஃபில்டர் பிடிப்பது 10, 20 மைக்ரான் தூசியை. தலைமுடியின் கனத்தில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். கழுவினால் தூசி உள்ளேயே போய் உட்காரும், வலை கிழிந்தால் இன்ஜெக்டர் அடைக்கும். அதற்குப் பிறகு வரும் செலவு இதைவிடப் பெரியது.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் வீட்டில் பிரிக்கவே கூடாது. வாரண்டி முடிந்து, கையில் பழக்கமும் உள்ளவர் வீட்டில் செய்யலாம், ஆனால் முறையாக. வேலை செய்யும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும் பக்கத்தில் வேண்டாம். அடுப்பு, சாம்பிராணி, கொசுவத்தி, பீடி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரு சட்டி நிறைய உலர்ந்த மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்க வேண்டும்.

குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குப் போகும் ஒயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் சில விநாடி ஓடி அதுவே அணைந்துவிடும். இன்னும் ஒன்றிரண்டு முறை செல்ஃப் அடித்துவிட்டுச் சாவியை அணைத்து, அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். அப்படியும் கொஞ்சம் அழுத்தம் இருக்கும். கனெக்டரின் மேல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கித்தான் கழற்ற வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டால் நல்லது.

டேங்கைத் தூக்கும்போது பெட்ரோல் குழாயோடு இன்னும் இரண்டு மூன்று சின்னக் குழாய்கள் இருக்கும். ஒன்று தண்ணீர் வடியும் குழாய், ஒன்று பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குப் போவது. எது எங்கே என்று கழற்றும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டால் மாட்டும்போது திண்டாட வேண்டாம். மோட்டார்த் தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மோட்டாரை மெதுவாகச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். மிதவைக் கம்பி வளைந்தால் மீட்டர் தப்பாகக் காட்டும். தட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர், ஓ-ரிங் எல்லாம் புதிதுதான் போட வேண்டும். பழையது நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை ஊறி உப்பியது திரும்ப அதே இடத்தில் உட்காராது. ஹோஸோ கிளாம்போ மாற்ற வேண்டியிருந்தால் எஃப்.ஐ. வண்டிக்கென்று வரும் ஹை-பிரஷர் ஹோஸ்தான் வாங்க வேண்டும்.

எல்லாம் பூட்டிப் பேட்டரியை மாட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியைப் போட்டு மோட்டார் ஓடி நின்றதும் அணைக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்து அழுத்தம் ஏறிய நிலையில், ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் ஈரம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஓட்டிப் பார்த்து வந்த பிறகும் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம்.

புது மோட்டார் போட்டவர்கள் டேங்கை எப்போதும் காலி நிலையிலேயே வைத்து ஓட்டக் கூடாது. மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் போவதுபோல இதுவும் சூடேறிக் கெடும். கையில் இருக்கும் காசுக்கு நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய் என்று போடுவது குடும்ப நிலைமை. பால் பணம் வரும் நாளில் ஒருமுறை கூடுதலாகப் போட்டு, முள் சிவப்புக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் மோட்டாருக்கு ஆயுள் கூடும்.

இனி, வாங்கி வைத்த பிளாஸ்டிக் ஃபில்டர். அதை அப்பாவின் பழைய வண்டிக்கு மாட்டலாம். ஏற்கெனவே அதில் இருப்பது ‘வருஷக்கணக்காக’ ஓடுகிறது என்று வாசகரே எழுதியிருக்கிறார். ஈ-20 வந்த பிறகு பழைய டேங்கில் ஒட்டியிருந்த படிவு கரைந்து வரும், அதனால் பழைய ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். பழைய ரப்பர் ஹோஸும் உப்பி, விரிசல் விடும். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடி, ஹோஸை டேப் பக்கமும் கார்புரேட்டர் பக்கமும் கழற்றி, மீதமுள்ள பெட்ரோலைப் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் டேப்புக்கு அடியிலேயே சின்னக் கிண்ணமும் வலையும் உண்டு, அதையும் கழற்றித் துடைக்கலாம். ஃபில்டர் மேல் இருக்கும் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து இருக்க வேண்டும். ஹோஸ் மடங்கக் கூடாது, சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது. டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு உதைக்கலாம். புதிய வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் மகளை வேனுக்குக் கொண்டுபோய் விட அந்த வண்டி போதும்.